மார்க்வெஸை எடுத்துப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டேன்

எங்கள் நூலக வாசகர் குழுவின் முதல் கூட்டத்துக்கு நான் தேர்ந்தெடுத்த புத்தகம் மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்'. தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் இரண்டுமுறை படித்த புத்தகம், அதைப் பற்றி எந்த ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் பேசுவேன் என்ற தெம்பில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பாதியைத் தாண்டிப் படித்திருந்தவர்கள் இரண்டே பேர். அரைமணி நேரம் நான் ஒருவனே பேசிக்கொண்டிருந்தேன், மஞ்சள் பூ மழை, மறதி நோய், வாழைத் தோட்டப் படுகொலை என்று. எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலே ஒரு கெட்ட சகுனம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கடைசியில் ஒரு அம்மா கையைத் தூக்கினார். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நல்ல புத்தகம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா இவர் கொலம்பியாக்காரர். நான் பிறந்தது இங்கேயிருந்து நாலு தெரு தள்ளி. நோட்டீஸ்ல லத்தீனோ இலக்கியம்னுதானே போட்டிருந்தீங்க?"

இது நடந்தது டெக்சஸில், சான் ஆன்டோனியோவில். ஊரில் மூன்றில் இரண்டு பேர் லத்தீனோக்கள், அவர்களிலும் பெரும்பாலானவர்கள் மெக்சிகோ வழி வந்தவர்கள். 1836 வரை இந்த ஊரே மெக்சிகோவில்தான் இருந்தது. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று இங்கே சொல்வார்கள், வெறும் வீம்புக்காக அல்ல. இப்படிப்பட்ட ஊரில், வேலைக்காக வந்து ஆறு வருடமான ஒரு தமிழன், கொலம்பியா நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, "இது உங்கள் இலக்கியம்" என்று அவர்களிடமே சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

லத்தீன் அமெரிக்க இலக்கியம் வேறு, லத்தீனோ இலக்கியம் வேறு. மார்க்வெஸ், போர்ஹெஸ், நெரூதா எல்லாம் முன்னது. சிறுபத்திரிகைகளைப் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கு இந்தப் பெயர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. இரண்டாவது, லத்தீன் அமெரிக்க வேர்களோடு அமெரிக்காவுக்குள்ளேயே பிறந்தோ வந்து சேர்ந்தோ வாழ்கிறவர்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆனால் ஸ்பானிஷ் காதில் ஒலித்துக்கொண்டே இருக்க எழுதுவது. 2020 கணக்கெடுப்பில் லத்தீனோக்கள் 6 கோடியே 20 லட்சம் பேர், அமெரிக்காவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். இவ்வளவு பேருடைய எழுத்தில் நான் அதுவரை படித்திருந்தது ஒரே ஒரு புத்தகம், அதுவும் பாதி.

அப்படிப்பட்ட ஆள் எப்படி இந்தப் பொறுப்புக்கு வந்தேன் என்றால், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான். எங்கள் கிளை நூலகத்தில் இந்தக் குழுவைத் தொடங்குவதாக இருந்த நூலகர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனார். அறை பதிவு செய்தாயிற்று, நோட்டீஸ் ஒட்டியாயிற்று, நடத்தத்தான் ஆள் இல்லை. வாரம் ஆறு புத்தகம் எடுத்துப்போகிற ஆள் என்பதால் கவுண்டரில் என்னைப் பிடித்தார்கள். "சும்மா முதல் இரண்டு மாசம் பாத்துக்கங்க" என்றார்கள். அது முடிந்து நான்கு வருடம் ஆகிறது.

இரண்டாவது மாதம் அந்த அம்மாவையே கேட்டேன், நீங்களே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று. யோசிக்கவே இல்லை. சான்ட்ரா சிஸ்நெரோஸின் 'த ஹவுஸ் ஆன் மாங்கோ ஸ்ட்ரீட்'. சிகாகோவில் ஒரு ஏழைத் தெருவில் வளர்கிற எஸ்பெரான்ஸா என்ற சிறுமியின் கதை. 1984இல் ஹூஸ்டனில் இருந்த ஆர்த்தே பூப்ளிக்கோ என்ற சின்னப் பதிப்பகம் வெளியிட்டது, இப்போது அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாகவே படிக்கிறார்கள். வாசகர் குழு நடத்துகிற யாருக்கும் நான் முதலில் சொல்கிற புத்தகம் இதுதான், அதற்குக் காரணம் இலக்கியத் தரம்கூட இல்லை, வடிவம். மொத்தம் 44 துண்டுகள், பல துண்டுகள் இரண்டு பக்கத்தைத் தாண்டாது. முழுசாகப் படிக்காதவர்களும் மூன்று துண்டு படித்துவிட்டு வந்து தைரியமாகப் பேசலாம். இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கிறவரிடம் நானூறு பக்க நாவலைக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள் என்றால், அவர் படிக்கவும் மாட்டார், படிக்காத வெட்கத்தில் வரவும் மாட்டார். முதல் மாதம் வந்த ஒன்பது பேரில் மூன்று பேரை நான் அப்படித்தான் இழந்தேன்.

சிஸ்நெரோஸ் வெகுகாலம் இதே ஊரில் வாழ்ந்தவர். கிங் வில்லியம் என்கிற பழைய, பாரம்பரியக் கட்டடங்கள் நிறைந்த பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு அவர் அடர் ஊதா அடிக்க, அந்த நிறம் வரலாற்றுக்குப் பொருந்தாது என்று நகர நிர்வாகம் சொல்ல, 1997இல் ஊரே இரண்டுபட்டதாம். ஆகவே எங்கள் கூட்டத்தின் முதல் முக்கால் மணி நேரம் அந்த வீட்டுச் சுவரைப் பற்றியே ஓடியது. யாருடைய வரலாறு, யாருடைய நிறம் என்று குரல்கள் ஏறின. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, எப்போது புத்தகத்துக்கு வருவார்கள் என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் புத்தகத்துக்குள்தான் இருந்தார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று ஏங்குகிற பெண்ணின் கதை அது.

எஸ்பெரான்ஸா தன் பெயரைப் பற்றிப் பேசுகிற ஒரு துண்டு அதில் உண்டு. ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு நம்பிக்கை என்று அர்த்தம், ஸ்பானிஷிலோ அது சோகம், காத்திருப்பு என்பாள். அதைப் படித்ததும் மேசையைச் சுற்றிப் பெயர்க் கதைகள் கிளம்பின. ஹெசூஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில் வாசித்தால் ஜீசஸ் என்று வருகிறதே எனக் கூசி, பையனை ஜெஸ்ஸி ஆக்கிய ஆசிரியை. மரியா டெ லா லூஸ் என்ற நீளமான அழகான பெயரை வருகைப் பதிவேட்டில் லூசி என்று சுருக்கியவர். அறுபது வயதான ஜெஸ்ஸி சொன்னார், தன் கல்லறையிலாவது சரியான பெயரைப் போடச் சொல்லி மகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். என் முறை வந்தபோது, என் பெயரை யாரும் வெட்டவில்லை, வெட்டுவார்கள் என்று பயந்து நானே முதல் நாள் பாதியாக்கிக்கொண்டேன் என்றேன். அன்றைக்குத்தான் அவர்கள் என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டதாக நினைக்கிறேன். அதுவரை நான் அறையின் சாவி வைத்திருக்கிற ஆள், அவ்வளவே.

சரி, நடத்துவதைப் பற்றிக் கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். பெரிய தலைவலி இலக்கியம் இல்லை, பிரதிகள். பதினான்கு பேருக்கு ஒரே புத்தகத்தில் பதினான்கு பிரதி வேண்டும், கிளையில் இருப்பது இரண்டு. மற்ற கிளைகளிலிருந்து வரவழைக்க மூன்று வாரம் ஆகும், ஆகவே புத்தகத்தை இரண்டு மாதம் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். புதிதாக வாங்கினால் பிரதிக்கு 15, 18 டாலர், எல்லோராலும் முடியாது, முடியாதவர்கள் முடியாது என்று சொல்லவும் மாட்டார்கள். ஒலிப்புத்தகம் கேட்டுவிட்டு வருகிறவரும் படித்தவர்தான், இதில் வாதத்துக்கே இடம் கொடுக்க மாட்டேன். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம், மூலையில் பெல்ப்ரே பரிசு பெற்ற படப்புத்தகங்கள் ஒரு கூடை கிடக்கும். பூரா பெல்ப்ரே 1921இல் நியூயார்க் பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், அங்கே முதல் போர்ட்டோ ரிக்கோ நூலகர். ஸ்பானிஷில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரங்களை நடத்தியவர். அவர் பெயரில் 1996 முதல் பரிசு கொடுக்கிறார்கள். என் குழுவில் பெரியவர்கள் இரண்டு பேர் நாவலை விட்டுவிட்டு அந்தக் கூடையில்தான் கை வைப்பார்கள். அதையும் கண்டுகொள்வதில்லை.

குழுவின் பெயர் விஷயத்திலும் கையைச் சுட்டுக்கொண்டோம். ஒருமுறை நோட்டீஸ் தயாரித்தவர், நல்ல எண்ணத்தில்தான், 'லத்தீனெக்ஸ் வாசகர் வட்டம்' என்று அச்சடித்துவிட்டார். ஆண், பெண் என்று பால் பிரிக்காத சொல் அது. இளைஞர்கள் இரண்டு பேருக்குப் பிடித்திருந்தது. பெரியவர்கள் அது ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்தார்கள். பியூ ஆய்வு மையம் 2019இல் எடுத்த கருத்துக்கணிப்பில், லத்தீனோக்களில் அந்தச் சொல்லைத் தனக்குப் பயன்படுத்துகிறவர்கள் 3 சதவீதம்தான். எங்கள் மேசையிலேயே ஒருவர் தன்னைச் சிகானோ (மெக்சிகோ வழி அமெரிக்கர்) என்பார், பக்கத்தில் இருப்பவர் தெஹானோ (டெக்சஸ் மெக்சிகோக்காரர்) என்பார், சமையலறை அம்மா வெறுமனே மெஹிக்கானா (மெக்சிகோக்காரி). இப்போது நோட்டீஸில் எதுவும் போடுவதில்லை, அந்த மாதப் புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் மட்டும்.

இந்த 'ஒரே சமூகம்' என்கிற கற்பனை முழுசாக உடைந்தது ஹூலியா ஆல்வரெஸ் படித்த மாதம். 'இன் த டைம் ஆஃப் த பட்டர்ஃப்ளைஸ்', 1994இல் வந்த நாவல். டொமினிக்கன் குடியரசில் த்ருஹீயோ என்ற சர்வாதிகாரியை எதிர்த்த மிராபால் சகோதரிகள் மூவரை 1960 நவம்பர் 25 அன்று அடித்துக் கொன்று, கார் விபத்து போலச் சோடித்தார்கள். அடுத்த வருடம் மே மாதம் த்ருஹீயோவே சுட்டுக் கொல்லப்பட்டான். பெண்கள் மீதான வன்முறையை ஒழிப்பதற்கான ஐ.நா. நாள் நவம்பர் 25ஆக இருப்பது இவர்களால்தான். ஆல்வரெஸின் அப்பாவும் அந்த எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர், சகோதரிகள் கொல்லப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் குடும்பத்தோடு நியூயார்க்குக்குத் தப்பினார், அப்போது ஆல்வரெஸுக்குப் பத்து வயது. தான் தப்பியதற்கும் அவர்கள் தப்பாததற்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில மாதங்களில் நின்றுகொண்டுதான் அவர் எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் குழுவில் டொமினிக்கன் ஒரே ஒருவர், மருத்துவமனை நர்ஸ், அதுவரை அதிகம் வாய் திறக்காதவர். அன்றைக்குப் பணப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். 200 பேசோ. அதில் மூன்று சகோதரிகளின் முகம். ஊரை விட்டு வந்த நாளிலிருந்து செலவழிக்காமல் வைத்திருக்கிறாராம். மெக்சிகோ வழி வந்தவர்கள் அதை ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பார்த்தார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கதையே புதிது. பேச்சுவாக்கில் அவர் பஸ்ஸைக் 'குவாகுவா' என்று சொல்ல, எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். இங்கே பஸ் என்றால் 'கமியோன்'. சிலி நாட்டில் அதே குவாகுவாவுக்குக் கைக்குழந்தை என்று பொருள் என்று யாரோ எடுத்துவிட, கைக்குழந்தைக்காக ஸ்டாப்பில் காத்திருந்தேன், கைக்குழந்தை கூட்டமாக வந்தது என்று கொஞ்ச நேரம் ஒரே சிரிப்பு. மூன்று பெண்கள் கொல்லப்பட்ட கதையைப் பேச வந்த இடத்தில் இவ்வளவு சிரிக்கலாமா என்று எனக்கு உறுத்தியது, நர்ஸ்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை இந்நாட்டில் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் வழியினர்) பாரம்பரிய மாதம். 1968இல் ஒரு வாரமாகத் தொடங்கி, 1988இல் மாதமானது. செப்டம்பர் 15 என்பது குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா ஐந்துக்கும் சுதந்திர நாள், மறுநாள் மெக்சிகோவுக்கு. அந்த ஒரு மாதம் எங்களுக்கு ராஜ உபசாரம்தான். வாசலிலேயே மேசை, வண்ணக் காகிதத் தோரணம், யார் யாரோ வந்து போட்டோ எடுப்பார்கள், கூட்டத்துக்கு முப்பது பேர். அக்டோபர் 16 காலையில் மேசை காலி. அந்தப் புத்தகங்கள் எங்கே என்று கேட்டால், ஒழுங்காக அலமாரிக்குப் போய்விட்டன என்பார்கள், தப்பில்லைதான். ஆனால் பிப்ரவரியில், மழையில், ஏழு பேர் உட்கார்ந்திருக்கிற கூட்டம்தான் உண்மையான கூட்டம் என்று எனக்கு ஒரு பிடிவாதம். எங்கள் சிறந்த பேச்சுகள் எல்லாம் அப்படிப்பட்ட நாட்களில்தான் நடந்தன.

அப்படி ஒரு பிப்ரவரியில்தான் குளோரியா அன்சால்துவாவை எடுத்துக்கொண்டோம். 'பார்டர்லாண்ட்ஸ் / லா ஃப்ரொந்தேரா', 1987. டெக்சஸின் தென்கோடி, ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் பிறந்தவர். கவிதையா, கட்டுரையா, சுயசரிதையா என்று பிரிக்கமுடியாத புத்தகம், ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு நடு வாக்கியத்தில் தாவும், தாவிய இடங்களுக்குப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு கிடைக்காது. என் சொந்த ஆசைக்காக நான் வற்புறுத்தி வைத்த புத்தகம், பலன், நான்கே பேர் வந்தார்கள். அவர்களுக்கும் நிறைய பக்கங்கள் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு இடத்தைச் சத்தமாகப் படித்தேன். பள்ளியில் இடைவேளையில் ஸ்பானிஷ் பேசி மாட்டிக்கொண்டதற்காக விரல் முட்டியில் அளவுகோலால் மூன்று அடி வாங்கியதை அவர் எழுதியிருப்பார்.

"மூணுதானா?" என்றார் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்.

டெக்சஸில் 1918லேயே பள்ளிகளில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டார்கள். விளையாட்டு மைதானத்தில் ஸ்பானிஷ் பேசினாலும் அடி, அல்லது மாலையில் பிடித்து உட்காரவைத்தல், அறுபதுகளின் கடைசிவரை இது பல பள்ளிகளில் சாதாரணம். பெரியவர் ஐம்பதுகளின் பிற்பாதியில் படித்தவர். அடியைப் பற்றி அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. சொன்னது வேறு. அவர் வீட்டில் இன்றுவரை ஸ்பானிஷ்தான் பேச்சு, ஆனால் ஸ்பானிஷில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அவர் படித்த பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை, அப்புறம் ஒரு கூச்சம். பிள்ளைகளுக்கு அடி விழக்கூடாது என்று அவர்களிடம் மட்டும் ஆங்கிலமே பேசினார். இப்போது பேத்தி பள்ளியில் ஸ்பானிஷை அந்நிய மொழிப் பாடமாக எடுத்துக்கொண்டு, தாத்தா பேசுவது இலக்கணப்படி தப்பு என்கிறாள்.

அதுவரை நான் ஒவ்வொரு மாதமும் மேசையில் ஆங்கிலப் பிரதி ஒரு அடுக்கு, ஸ்பானிஷ் பிரதி ஒரு அடுக்கு என்று வைத்துக்கொண்டிருந்தேன், பெரிய முற்போக்கு என்ற நினைப்பில். எந்த அடுக்கில் கை நீட்டுகிறோம் என்பதையே அறையில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தபால்காரப் பெரியவர் எப்போதும் ஆங்கில அடுக்கில்தான் எடுப்பார். படிப்பாளி என்று நினைத்திருந்தேன்.

ஆகவே அடுத்த புத்தகத்தை இரண்டு மொழியும் ஒரே அட்டைக்குள் இருக்கிற பதிப்பாகத் தேடினேன். தொமாஸ் ரிவேராவின் 'ஈ நோ சே லோ த்ராகோ லா தியெர்ரா', 'பூமி அவனை விழுங்கவில்லை' என்று சொல்லலாம். 1971. ரிவேரா பிறந்த கிறிஸ்டல் சிட்டி இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரம்தான், கீரை விளைச்சலுக்குப் பேர்போன ஊர், அதனால் அங்கே கீரை தின்று பலம் பெறுகிற கார்ட்டூன் மாலுமி பாப்பாய்க்குச் சிலையே உண்டு. அறுவடைக்காக ஊர் ஊராகப் போகிற கூலிக் குடும்பத்தில் பிறந்து, 1979இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்துக்கே தலைவரானவர், 48 வயதில் இறந்துவிட்டார். டெக்சஸிலிருந்து வடக்கே வயல்வேலைக்குப் போகிறவர்களின் கதைகள், சின்னச் சின்னதாக. வெயிலில் தண்ணீர் குடிக்கப் போன சிறுவனை முதலாளி சுடுகிற கதை ஒன்று உண்டு, படித்துவிட்டு அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

மார்ச் கூட்டத்துக்குப் பெரியவர் பேத்தியோடு வந்தார். 'குவாந்தோ யெகேமோஸ்', நாம் போய்ச் சேரும்போது, என்ற கதையைப் பேசுவதாக ஏற்பாடு. கூலிகளை நின்றபடியே ஏற்றிக்கொண்டு போகிற லாரி விடிகாலை நான்கு மணிக்கு நடுவழியில் பழுதாகி நின்றுவிடுகிறது, விடியும்வரை ஒவ்வொருவர் மனதிலும் ஓடுவதுதான் கதை. யாராவது ஆரம்பத்தை வாசிக்கிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புத்தகத்தில் ஸ்பானிஷ் பாதியைத் திருப்பினார். பேத்தி எட்டிப் பார்த்தாள், உதவிக்கு வாயெடுத்தவள் எதனாலோ நிறுத்திக்கொண்டாள்.

ஸ்பானிஷில் ஒரு வசதி, எழுதியிருப்பதை அப்படியே உச்சரித்தால் போதும், ஆங்கிலம் மாதிரி ஏமாற்றாது. எழுத்துக்கூட்டி, விரலை வரியின் அடியில் நகர்த்தி, முதல் வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வந்தார். 'த்ரோக்கா'. லாரிக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு, ஆங்கிலத்தின் 'டிரக்' திரிந்து வந்த சொல். அகராதிக்காரர்கள் சொல்வது 'கமியோன்' (ஆமாம், இங்கே பஸ்ஸுக்குச் சொல்கிற அதே கமியோன்தான்). பேத்தியின் பள்ளியில் த்ரோக்கா என்று எழுதினால் சிவப்பு மையில் சுழிப்பார்கள்.

அவர் நிறுத்தினார். மறுபடியும் அந்தச் சொல்லைப் படித்தார். அப்புறம் புத்தகத்தைப் பேத்தியின் பக்கம் திருப்பி, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், அவளும் குனிந்து பார்த்தாள், சமையலறை அம்மா எழுந்து சுற்றிவந்து பார்த்தார். இரண்டாவது வாக்கியத்துக்குப் போக வெகுநேரம் ஆயிற்று.